இரண்டாம் ரீலின் வாசனை

கோடை வந்துவிட்டால் ஏசி மெக்கானிக்குக்கு எல்லா வீட்டிலும் மரியாதை கூடிவிடும். மற்ற மாதங்களில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுகிறவர்கள்கூட, வெயில் ஏறியதும் நாற்காலி போட்டு, ஜில்லென்று ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றுவிடுவேன். ஒரே இடத்தில் உட்கார எனக்கு ஆகாது. இப்போதும் பாருங்கள், நீங்கள் உட்காரச் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டு முறை எழுந்துவிட்டேன். பயம் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. பிறவிக் குணம்.

பல் டாக்டரை எனக்குப் பழக்கமாக்கியதும் ஒரு ஏசிதான். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் படுக்கையறை ஏசி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனால் மனிதர் பனியனோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். "சீக்கிரம் பாருப்பா, உள்ள பேஷண்ட் இருக்காங்க" என்றார். கட்டிலில் யாரும் இல்லை. சுவரோரம் அலமாரி, அதில் தட்டையான வட்ட டப்பாக்கள், தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன படம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"எல்லாம் காமெடி. ஹாலிவுட்டு. பேச்சு வர்றதுக்கு முந்தி எடுத்தது. நூறு வருஷம் ஆகப்போகுது, பாவம், இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கானுங்க."

அவர் அப்படித்தான் பேசுவார். பல் பிடுங்க வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே வாயைத் திறக்கச் செய்வார் என்று ஊரில் பெயர். எனக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது. ஆனால் அந்தப் படங்கள் என்றால் உயிர். விழுகிறவன் எந்த இடத்தில் கால் வைத்தான், எத்தனை நொடி கழித்து விழுந்தான், விழும்போது தொப்பி எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பேன். அதெல்லாம் மெஷின் வேலை ஐயா. ஒரு பல்சக்கரம் தப்பினாலும் சிரிப்பு வராது.

அன்றைக்கு ஏசியைத் தொடும் முன்பே அவரிடம் கேட்டேன். "குளியல் தொட்டியைத் தலைமேல தூக்கிக்கிட்டுப் போற ஒருத்தன் படம் உங்ககிட்ட இருக்கா?"

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு ஆறு வருடம் முன்னால், இடிக்கப்போகிற ஒரு தியேட்டரில் குளிர்சாதனக் குழாய்களைக் கழற்றும் வேலைக்குப் போயிருந்தேன். ஆபரேட்டர் அறை மூலையில் ஒரு டப்பா கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். படத்தில் ஓர் ஒல்லியான ஆள், கடை ஊழியன், கல்யாணப் பெண் வீட்டுக்கு ஒரு பெரிய குளியல் தொட்டியை டெலிவரி செய்யக் கிளம்புகிறான். வண்டி கிடைக்கவில்லை. தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறான், முன்னால் எதுவும் தெரியாமல். ஊரே அவனுக்கு வழிவிடுகிறது. கடைசியில் ஒரு பெரிய படிக்கட்டின் உச்சியில் தொட்டியை இறக்கி வைக்கிறான். அதற்குள்ளிருந்து ஒரு சோப்புக்கட்டி உருண்டு வெளியே வருகிறது. அவன் ஒரு காலைத் தூக்குகிறான். அதோடு ரீல் முடிந்துவிட்டது.

ஆறு வருடம் அந்தக் கால் அந்தரத்திலேயே இருந்தது. நீங்கள் இதைக் கேட்டுப் புன்னகைக்கிறீர்கள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. சாப்பிடும்போது, வேலை செய்யும்போது, சிக்னலில் நிற்கும்போது அந்தக் கால்தான். எத்தனை பழைய இரும்புக் கடை, எத்தனை ஏலம். மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அந்த ஆளு காலைக் கீழ வச்சா சொல்லி அனுப்புங்க" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள்.

டாக்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவரிடம் இரண்டாம் ரீல் மட்டும்தான் இருந்தது. முதல் ரீல் இல்லாததால், படிக்கட்டில் தொட்டி எப்படி வந்தது என்று அவருக்கு ஒன்பது வருடமாகத் தெரியாது. "ஏன்யா, நீ எங்கய்யா இருந்தே இவ்வளவு நாளா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்றைக்கு மத்தியானமே ஏசியைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் என் ரீலை எடுத்து வந்தேன். அவரிடம் கையால் சுற்றுகிற பழைய புரொஜெக்டர் ஒன்று இருந்தது. திரைக்குப் படுக்கை விரிப்பு. கால் சோப்பின் மேல் வந்தது. தொட்டி நகர்ந்தது. நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, பகல் மூன்று மணிக்கு, முதல் ரீலை நான் கொண்டுபோவேன், இரண்டாவதை அவர் போடுவார். கைப்பிடியைச் சுற்றுவதில் எங்களுக்கு எப்போதும் தகராறு. அவர் வேகமாகச் சுற்றுவார். நான் நிதானம். இன்னொரு குறை, அவர் முன்னாலேயே சிரித்துவிடுவார். சோப்பு உருளும்போதே தொடங்கிவிடுவார்.

"இன்னும் விழலையே டாக்டர்."

"விழப்போறான்னு நமக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. அதுதான்யா சிரிப்பு."

அது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத கருத்து. ஆனாலும் பெரியவர், வாதாடவில்லை. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. முதலில் போகிறவருடைய ரீல் மற்றவருக்கு. அவர்தான் சொன்னார், கையில் அடித்துச் சொன்னார்.

மூன்று வருடம் முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. எரிகிற கற்பூரத்தை நீட்டினாலும் வாசனை தெரியாது. சாதாரண ஆளுக்கு அது பெரிய நஷ்டமில்லை. அவருக்கு அது கண் போன மாதிரி. ஏனென்றால் அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்கிற பொருளில் செய்தது. குளிரில் வைத்தால் நூறு வருடம் தாங்கும். சூடு பட்டால் பிசுபிசுக்கும், நுரைக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். அப்படிக் கெடுகிற சமயத்தில் டப்பாவை இறுக்க மூடி வெக்கையில் வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. கெட ஆரம்பித்ததை முதலில் காட்டிக்கொடுப்பது வாசனைதான். புளித்த, அழுக்குத் துணி மாதிரி ஒரு நெடி.

அதனால் நான் அவருக்கு மூக்கானேன். பெயரே அதுதான் வைத்தார். "வா மூக்கு, பேஷண்ட்டெல்லாம் காத்திருக்காங்க" என்பார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு டப்பாவாக மூடியை இரண்டு விரல் திறந்து முகர்ந்து, "நல்லா இருக்கு" என்று சொல்வேன். அவர் பார்க்க மாட்டார். ஒருமுறை ஒரு நல்ல படம் தூளாகிப்போனதைத் திறந்து பார்த்ததிலிருந்து, மூடி திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், பல் பிடுங்கும்போது அவருடைய நோயாளிகள் மூடிக்கொள்வது போலவே. நான் சொன்ன பிறகுதான் திறப்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. பழைய படங்களைக் காப்பாற்றி வைக்கும் ஓர் அமைப்பு. டாக்டர் அவர்களுக்கு எழுதியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவர்கள் கோடையில் வந்து ரீலை எடுத்துப்போய், சுத்தம் செய்து, நகல் எடுத்து, யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கிற மாதிரி போட்டுவிடுவார்களாம்.

"உன் ரீலையும் குடுத்துடு மூக்கு. ரெண்டையும் சேத்து ஒட்டிடுவாங்க."

"போன்லயா டாக்டர்?"

"போன்லதான். பஸ்ல போறவன், ஆபீஸ்ல தூங்கி வழியறவன், எல்லாரும் சிரிக்கட்டுமே. நாம ரெண்டு கிழடுங்க மட்டும் பாத்து என்ன ஆகப்போகுது?"

அவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு உள்ளே ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. ஆறு வருடம் அந்தரத்தில் கால் தொங்கக் காத்திருந்தவன் நான். காத்திராத ஒருவன், பஸ்ஸில் நின்றுகொண்டு, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, நேராக அவன் விழுகிற இடத்துக்குப் போய்விடுவான். பிடிக்கவில்லை என்றால் அதையும் தள்ளிவிடுவான். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். எட்டு கிலோமீட்டர். வண்டி அவர் வாசலிலேயே நின்றது.

இனிமேல் நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கெட்டுப்போன ரீல் ஒன்று இருந்தது. ஒரு துரத்தல் படம், பெரிதாக ஒன்றுமில்லை. பிசுபிசுக்கத் தொடங்கி, நெடி வந்துவிட்டது. தண்ணீரில் போட்டுத் தீயணைப்புக்காரர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. கோடைக்கு இரண்டு மாதம் முன்னால், முகர்ந்து பார்க்கிற நாளில், டாக்டர் கண்ணை மூடியிருந்த நேரத்தில், அவருடைய டப்பாவிலிருந்த இரண்டாம் ரீலை எடுத்து என் டூல்ஸ் பையில் வைத்தேன். கெட்ட ரீலை அவர் டப்பாவில் வைத்தேன். மூடியில் அவர் கையெழுத்து அப்படியே இருந்தது. "எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். உண்மையில் அந்த ரீல் நன்றாகத்தான் இருந்தது, என் பையில்.

இது திருட்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஒப்பந்தப்படி எப்படியும் எனக்கு வர வேண்டியதுதானே என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த அமைப்பின் ஆட்கள் வந்து டப்பாவைத் திறந்தால் அது வேறு படம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி கெட்ட பிலிமிலும் முகங்கள் தெரியும். முழுசாகத் தூளாகிவிட்டால் எந்தப் படம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் வருகிற தேதி குறித்தாகிவிட்டது. அந்தக் குளிரில் அது தூளாக இன்னும் பல வருடம் பிடிக்கும். அதனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். "காத்துப் போகாம இருந்தா நல்லது டாக்டர், உள்ள சுருங்க ஆரம்பிச்சிருக்கு, அவங்க வர்ற வரைக்கும் யாரும் ஆட்ட வேணாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்துக்கொண்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று. அந்த இடம் அவர் தேர்ந்தெடுத்தது. நான் சொல்லவில்லை.

கோடை தொடங்கியதும் அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா இல்லாத பெண், அப்பாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வாள்.

"மாமா, அப்பா ரூம்ல ஒரே நாத்தம். ஊறப்போட்ட சாக்ஸ் மாதிரி. அப்பாவுக்குத் தெரியல, எனக்குத் தலை வலிக்குது. பிலிம்ல ஏதாவது இருக்குமா?"

அவளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். போய் நின்று முகர்ந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழிருந்து வருகிறது, சந்தேகமே இல்லை. "ஏசிதாம்மா. உள்ள தண்ணி தேங்கி அழுகிப்போச்சு. கழட்டி எடுத்துட்டுப் போய்க் கழுவணும்" என்றேன். அது ஒரு மெக்கானிக் தினம் சொல்கிற வாக்கியம். வாயில் தானாக வந்தது.

"எவ்வளவு நாளாகும் மாமா?"

"ஒரு பார்ட் வெளியிலேர்ந்து வரணும். வாரம் பத்து நாள்."

ஏசியைக் கழற்றினேன். அது இருந்த ஓட்டையில் பலகை அடித்தேன். குளிர் இல்லாமல் மற்ற டப்பாக்கள் கெட்டுவிடுமே என்று டாக்டர் பதறினார். நியாயமான பதற்றம். "என் வீட்ல குளிர் அறை இருக்கு, அங்க வச்சுக்கறேன்" என்று சொல்லி அறுபத்தொரு டப்பாக்களையும் என் வண்டியில் மூன்று நடையாகக் கொண்டுபோனேன். கட்டிலுக்குக் கீழே இருந்ததை மட்டும் விட்டேன்.

"அது வேணாமா மூக்கு?"

"அதை ஆட்டக் கூடாது டாக்டர்."

"சரிதான். நீ சொன்னா சரி."

ஒன்பது நாள். அந்த அறைக்கு மேலே வெறும் மொட்டை மாடி. மேற்கு வெயில் சுவர் முழுக்க. தினமும் நான் போய்ப் பார்த்தேன். வேலைகளை ஒத்திவைத்துவிட்டுப் போனேன், கால் நிற்கவில்லை. வீட்டில் இருந்தால் அங்கே போக வேண்டும் போல் இருக்கும், அங்கே போனால் வீட்டுக்கு. பார்ட் வந்துவிட்டதா என்று டாக்டர் கேட்பார், நாளைக்கு என்பேன். ஏசி என் பட்டறையில் முதல் நாளே கழுவிக் காய்ந்துவிட்டது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை டாக்டர் குனிந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சூடா இருக்கே, ஹால்ல கொண்டுபோய் வச்சுடட்டுமா? நானும் அங்கேயே படுத்துக்கறேன், இங்க புழுக்கம் தாங்கல" என்றார். நானும் தொட்டேன். சுடுவது மட்டுமில்லை, மூடி நடுவில் லேசாக உப்பியிருந்தது. அப்படி உப்பினால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டாக்டர். ஆட்டாதீங்க. நீங்களும் இங்கேயே படுங்க, யாராவது தெரியாம காலால தட்டிடப் போறாங்க."

நான் யார் மேலும் கை வைக்கவில்லை. நெருப்புக்குச்சி கிழிக்கவில்லை. இரண்டு வார்த்தை சொன்னேன், மூன்று வருடமாக மாதாமாதம் சொல்லிவந்த அதே இரண்டு வார்த்தை.

படி இறங்கும்போது அவர் மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அரை நாள்தான், பன்னிரண்டரைக்கு வந்துவிடுவேன் மாமா என்றாள். நான் சொன்னேன், "வராதேம்மா. மத்தியானம் ஏசி மாட்டப்போறேன், சுவரை உடைக்கணும், ஒரே தூசி. யாராவது ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வா." அவள் சரி என்று போனாள். நீங்கள் நேற்று இதைப் பிடித்துக்கொண்டு, ஏசி மாட்டுகிற எண்ணமே உங்களுக்கு இல்லையே, பிறகு ஏன் அவளை வர வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். அவளைக் காப்பாற்றியவன் நான் என்பதை யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டே முக்காலுக்குத் தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைப்பதற்குள் உள்ளே போக முடியாதபடி மஞ்சள் புகை. நான் தெருமுனையில் வண்டியில் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அடக்கத்தில் நான் அழுததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அது நடிப்பில்லை. அவரைப் போல ஒரு மனிதர் எனக்கு இனிமேல் கிடைக்கப்போவதில்லை.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு இரண்டு ரீலையும் என் வீட்டில் போட்டேன், என் நிதானத்தில். சோப்பு உருண்டது. முன்னாலேயே யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பதினொரு வருடமாக நான் அவனைப் பார்த்ததே இல்லை, டாக்டர் எப்போது சிரிக்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரையில் ஓர் ஒல்லி ஆள் வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி போட்டேன். அன்று முழுக்க எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

பதினாறாம் நாள் அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுடைய டப்பாக்களைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று குளிர் அறை வாசலில் நின்றாள். ரொம்ப மெலிந்திருந்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள், கணக்கு டீச்சர் இல்லையா. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தீங்களே மாமா. அது ஒண்ணை மட்டும் ஏன் அப்பாகிட்ட விட்டீங்க?"

நான் பதில் வைத்திருந்தேன். ஆட்டக் கூடாது, சுருங்கிவிட்டது, எல்லாம் வைத்திருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. "நான் நாத்தம் வருதுன்னு உங்ககிட்டதானே சொன்னேன்" என்றாள். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் நீங்கள் கண்டெடுத்தது இரண்டாம் ரீல்தான். சந்தேகம் வேண்டாம்.

ஆமாம், எனக்குத் தெரியும். மூடியைத் தொட்ட அந்த நிமிடமே, இன்றைக்கு மத்தியானம் என்று தெரியும். டாக்டரை ஹாலுக்கு அனுப்ப எனக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. அவர் உயிரோடு இருந்தால் நன்றாக இருந்த ரீல் எப்படிப் பற்றியது என்று யோசிப்பார், விசாரிப்பார், என்னிடமும் கேட்பார். அவரிடம் நேருக்கு நேர் பொய் சொல்ல என்னால் முடியாது. எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். கைப்பற்றிய ரீல் இரண்டையும் இந்த ஸ்டேஷன் மேல் மாடி அறையில், தகரக் கூரைக்கு அடியில், இரும்புப் பீரோவில் பூட்டி வைத்திருப்பதாக வெளியே நிற்கிற காவலர் சொன்னார். அதே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து எழுதுகிறார்களாம். காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதற்குத்தான் எழுந்து எழுந்து நின்றேன். உடனே கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏசி இருக்கிற அறையில் வையுங்கள், மூடியை இறுக்கிக் கட்டாதீர்கள். முதலில் அந்த நான்கு பேரையும் அங்கிருந்து கிளப்புங்கள். ஆபத்து என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை ஐயா நான்.